வெதர்ஸ்பூன்: பிரிட்டனுக்குப் போகும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஏற்ற பப் உணவகமா?

பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாவுக்காகவோ, ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையிலோ பிரிட்டனுக்குப் புறப்படும் குடும்பங்கள், அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்கும்போதெல்லாம் நான் தயங்காமல் சொல்லும் பெயர் வெதர்ஸ்பூன். சொன்னவுடன் இரண்டு மறுப்புகள் வரும். பப் என்பது குடிப்பதற்கான இடம். வயதான தாயாரையும் சிறு பிள்ளைகளையும் அங்கே எப்படி அழைத்துச் செல்வது என்பது முதலாவது. அங்கேயே சில ஆண்டுகள் படித்துத் திரும்பிய இளையர்கள் எழுப்புவது இரண்டாவது: கையில் காசில்லாத மாணவர்கள் போகிற மலிவான சங்கிலிக் கடைக்கா அத்தனை தூரம் பறந்து போவது? இரண்டுமே பொறுப்பாக விடை சொல்லவேண்டிய கேள்விகள். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உணவகம் என்ற அளவுகோலால் அளந்தால் வெதர்ஸ்பூன் நடுத்தரமானது. ஆனால், நம் உணவங்காடி நிலையத்தை நாம் எப்படி மதிப்பிடுகிறோமோ அப்படி, யார் வேண்டுமானாலும் நுழைந்து, கட்டுப்படியாகும் விலையில் சாப்பிட்டு, அவசரமில்லாமல் உட்கார்ந்திருக்கக் கூடிய ஊர்ப் பொதுக்கூடம் என்று பார்த்தால், பிரிட்டனில் அதற்கு இணையான இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

இந்தச் சங்கிலியின் பிறப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் அதன் விலையும் குணமும் விளங்கும். சட்டம் படித்த டிம் மார்ட்டின் என்பவர் 1979ஆம் ஆண்டில் வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில் பகுதியில் தம் முதல் பப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே அதற்கு வெதர்ஸ்பூன் என்று பெயர் மாறியது. அது அவர் நியூசிலாந்தில் பள்ளியில் படித்தபோது இருந்த ஓர் ஆசிரியரின் பெயர். அந்தக் காலத்தில் பிரிட்டனின் பப்களில் பெரும்பகுதி சில பெரிய மதுவடிப்பு நிறுவனங்களின் கையில் இருந்தது. ஒரு நிறுவனத்தின் பப்பில் அந்த நிறுவனத்தின் பீரைத்தான் விற்கவேண்டும். விலையையும் ஏறக்குறைய அந்த நிறுவனமே தீர்மானிக்கும். மார்ட்டின் அந்தப் பிணைப்புக்கு வெளியே நின்று, விருப்பப்பட்ட இடத்தில் சரக்கு வாங்கி, குறைந்த இலாபத்துக்கு நிறைய விற்பது என்ற வழியைப் பிடித்தார். 1989ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் கொண்டுவந்த ஆணை, 2,000 பப்களுக்கு மேல் வைத்திருந்த மதுவடிப்பு நிறுவனங்களின் பிடியைத் தளர்த்தியபோது, அவரைப் போன்ற சுதந்திர வணிகர்களுக்குக் களம் விரிந்தது. 1992இல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இப்போது பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக ஏறத்தாழ 800 கிளைகள் இருக்கின்றன. சிறு ஊர்களின் கடைத்தெருவிலும் இருக்கின்றன, பெரிய ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் செல்லமாக 'ஸ்பூன்ஸ்' என்று சுருக்கிச் சொல்வார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் கட்டடங்களைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் என்னைப் பொறுத்தவரை வெதர்ஸ்பூனுக்குப் போவதற்கு முதற்காரணமே கட்டடங்கள்தாம். சங்கிலிக் கடை என்றதும் எல்லா ஊரிலும் ஒரே அச்சில் வார்த்த அலங்காரத்தை எதிர்பார்ப்போம். இங்கே நிலைமை நேர்மாறானது. மூடப்பட்ட வங்கி, திரையரங்கு, அஞ்சலகம், நீதிமன்றம், துணிக்கடை என்று பயன்பாடு இழந்த பெரிய கட்டடங்களைத் தேடிப்பிடித்து, அவற்றின் தூண்களையும் கூரைச் சிற்பங்களையும் பழுதுபார்த்து, உள்ளே மேசை போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு கிளையின் தரைக்கம்பளமும் அந்த இடத்தின் வரலாற்றையொட்டித் தனியாக வரையப்பட்டு நெய்யப்படுகிறது. சுவரில் அந்த ஊரின் பழைய படங்களும் செய்திகளும் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கும். உணவு வருகிற வரையில் அவற்றைப் படித்துக்கொண்டே ஒரு சுற்று வந்தால், சுற்றுலா வழிகாட்டி சொல்லாத உள்ளூர்ச் செய்திகள் பல கிடைக்கும்.

லண்டன் நகரின் கிரேஸ்சர்ச் வீதியில் உள்ள 'கிராஸ் கீஸ்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் லண்டன் அலுவலகமாக முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு எழுப்பப்பட்ட கட்டடம் அது. சிங்கப்பூரில் வளர்ந்தவர்கள் எச்எஸ்பிசி என்ற அதன் சுருக்கப் பெயரை மாதந்தோறும் வரும் கடிதங்களில் பார்த்துப் பழகியிருப்போம். கீழை நாடுகளின் ரப்பரும் ஈயமும் தேயிலையும் பணமாக மாறிய காலத்தின் அந்த வங்கிக் கூடத்தில், உயரமான பளிங்குத் தூண்களுக்கு நடுவே, இன்று கட்டடத் தொழிலாளியும் காப்புறுதி அலுவலக எழுத்தரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் பீன்ஸும் முட்டையும் சாப்பிடுகிறார்கள். ஒரு காலத்தில் வாயிற்காவலரைத் தாண்டி உள்ளே நுழையவே நம் பாட்டன்மாருக்குக் காரணம் தேவைப்பட்டிருக்கும். அந்தக் கூடத்தில் ஒரு கோப்பைத் தேநீருக்கு உட்கார்ந்திருப்பது எனக்கு நிறைவான அனுபவமாக இருந்தது.

எடின்பரோவின் ஜார்ஜ் வீதியில் உள்ள 'ஸ்டாண்டிங் ஆர்டர்' கிளையும் முன்னாள் வங்கிதான். பழைய பெட்டகத்தின் கனத்த கதவு இன்னும் அங்கேயே நிற்கிறது. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தை ஒட்டிய 'ஹாமில்டன் ஹால்', ஒரு காலத்தில் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டலின் நடன மண்டபமாக இருந்தது. அதன் கூரை வேலைப்பாட்டைப் பார்ப்பதற்காகவே ரயிலுக்கு அரை மணி முன்பு போகலாம். கேம்பிரிட்ஜில் பிள்ளையைப் படிக்க வைத்திருப்பவர்கள் 'ரீகல்' கிளையைப் பார்க்கலாம். அது பழைய திரையரங்கு, 1963இல் பீட்டில்ஸ் குழுவினர் அங்கே மேடையேறியிருக்கிறார்கள். லிவர்பூலில் உள்ள 'ரிச்சர்ட் ஜான் பிளாக்லர்' ஒரு பெரிய பல்பொருள் அங்காடியாக இருந்த இடம். அதே பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் பிரபலமாவதற்கு முன் அந்த அங்காடியில் மின்பணியாளராகத் தொழில் பழகினார். டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில் 1902இல் கட்டப்பட்ட இசை நாடக அரங்கை அப்படியே பப்பாக்கியிருக்கிறார்கள். மாடங்களும் மேடையும் சிதையாமல் இருக்கின்றன. ஏரி மாவட்டத்துக்குப் போகிறவர்கள் கெஸ்விக்கில் பழைய காவல் நிலையமும் நீதிமன்றமும் இருந்த கட்டடத்திலேயே சாப்பிடலாம். ராம்ஸ்கேட் கடற்கரையில் 2017இல் திறக்கப்பட்ட 'ராயல் விக்டோரியா பெவிலியன்' இந்தச் சங்கிலியிலேயே மிகப் பெரியது. இடிந்துகொண்டிருந்த அந்த மண்டபத்தைக் காப்பாற்ற வேறு யாரும் முன்வந்திருப்பார்களா என்பது ஐயமே.

சிங்கப்பூரில் பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் அக்கறை நமக்கும் உண்டு. லாவ் பா சாட் உணவங்காடி நிலையத்தில் சாத்தே சாப்பிடும்போது நம் தலைக்குமேல் நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் 1894ஆம் ஆண்டுக் கட்டடத்துக்காக கிளாஸ்கோவிலிருந்து வந்தவை. ஆனால், லாவ் பா சாட் நம்மிடம் விதிவிலக்கு. பழைய பொது அஞ்சலகம் உயர்தர ஹோட்டலாகிவிட்டது. பழைய கன்னிமாடப் பள்ளி விலை மிகுந்த உணவகங்களுக்குப் போய்விட்டது. காப்பாற்றப்பட்ட கட்டடத்துக்குள் நுழைவதற்குக் கனமான பணப்பை வேண்டும் என்பதே நம் ஊரின் பொதுவிதியாக இருக்கிறது. வெதர்ஸ்பூன் அந்த விதியை உடைக்கிறது என்பதால்தான் அதன்மேல் எனக்கு இத்தனை மதிப்பு.

உள்ளே நுழைந்ததும் முதலில் கவனத்துக்கு வருவது அமைதி. பெரும்பாலான கிளைகளில் இசை ஒலிபரப்புவதில்லை. பேச்சுச் சத்தமும் தட்டுச் சத்தமும்தான் கேட்கும். லாயிட்ஸ் என்ற பெயரில் நடக்கும் சில கிளைகளில் மட்டும் இசை உண்டு. முதியவர்களோடு போகிறவர்கள் அவற்றைத் தவிர்க்கலாம். பிரிட்டனின் பல பப்களில் நாய்களும் மேசையடியில் படுத்திருக்கும். வெதர்ஸ்பூனில் உடற்குறையுள்ளோருக்கு உதவும் நாய்களைத் தவிர மற்றவற்றுக்கு அனுமதி இல்லை. நாய் அருகே வந்தால் சங்கடப்படும் நம்மவர்களுக்கும், குறிப்பாக நம் முஸ்லிம் நண்பர்களுக்கும், இது பெரிய ஆறுதல். இங்கிலாந்தில் 2007 ஜூலை முதல் நாளிலிருந்து மூடிய பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை இருப்பதால் புகைத் தொல்லையும் இல்லை. கழிவறைகள் பெரியவை, தூய்மையானவை. ஆனால் பழைய கட்டடம் என்பதால் அவை பல கிளைகளில் மாடியிலோ நிலவறையிலோ நெடுந்தொலைவில் இருக்கும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் உடன் வந்தால், உட்காருவதற்கு முன்பே, தரைத்தளத்தில் உடற்குறையுள்ளோருக்கான கழிவறை எங்கே இருக்கிறது, மின்தூக்கி உண்டா என்று பணியாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல்முறை போகிறவர்கள் தடுமாறுவது ஆர்டர் செய்யும் முறையில்தான். வாசலில் யாரும் வரவேற்று இடம் காட்டமாட்டார்கள். மேசைக்கு வந்து யாரும் கேட்கவும் மாட்டார்கள். நீங்களே காலியான மேசையைப் பிடிக்கவேண்டும். மேசையில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும்; அதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒருவர் மட்டும் எழுந்து பானங்கள் விற்கும் நீண்ட மேடைக்குச் சென்று, எண்ணையும் வேண்டிய உணவையும் சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டு வரவேண்டும். அங்கே நம் ஊரைப் போல ஒருவர் பின் ஒருவராக வரிசை பிடிக்கமாட்டார்கள். மேடையின் நீளத்துக்குப் பரவி நிற்பார்கள். யாருக்கு முன்னால் யார் வந்தார் என்பதை ஊழியரும் மற்ற வாடிக்கையாளர்களும் நினைவில் வைத்திருப்பார்கள். உங்கள் முறை வருவதற்குள் உங்களைக் கேட்டுவிட்டால், பக்கத்தில் நிற்பவரைக் காட்டி அவர் முதலில் வந்தார் என்று சொல்வது அங்கே மதிக்கப்படும் பண்பு.

இந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு 2017இல் வந்த கைப்பேசிச் செயலி இருக்கிறது. மேசை எண்ணைத் தட்டி, பட்டியலில் தேர்ந்தெடுத்து, அட்டை மூலம் பணம் செலுத்தினால், உணவு மேசைக்கு வந்துசேரும். ஆங்கிலம் அதிகம் பழகாத தாத்தா, பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் உணவிலும் என்ன இருக்கிறது என்று பொறுமையாகத் தமிழில் படித்துச் சொல்ல இந்தச் செயலி மிகவும் வசதியானது. பின்னால் யாரும் காத்திருக்கவில்லை என்ற நிம்மதி பெரியவர்களுக்குக் கிடைக்கிறது.

விலையைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊர் உணவகப் பில்லை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சிங்கப்பூரில் பட்டியல்படி 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேர்ந்து 119 வெள்ளி 90 காசு கட்டிவிட்டு வெளியே வருகிறோம். பிரிட்டனின் மதிப்புக்கூட்டு வரி 20 விழுக்காடு என்றாலும், பட்டியலில் போட்டிருக்கும் விலைக்குள் அது அடங்கியிருக்கும். ஆனால், லண்டனின் பல உணவகங்கள் 12.5 விழுக்காடு சேவைக் கட்டணத்தைத் தாங்களாகவே பில்லில் சேர்த்துவிடுகின்றன. சட்டப்படி அது விருப்பக் கட்டணம். வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால், விருந்தினரோடு உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொல்ல நாக்கு எழாது. லண்டன் மையப்பகுதியில் பெயர் சொல்ல விரும்பாத ஓர் உணவகத்தில் நாங்கள் அறுவர் சாப்பிட்டபோது, சேர்த்த தொகையை எடுத்துவிடச் சொன்ன என் மைத்துனரிடம் சேவையில் என்ன குறை என்று ஊழியர் விளக்கம் கேட்டுக்கொண்டு நின்றது எங்கள் எல்லாருக்கும் மனவருத்தம் தந்தது. வெதர்ஸ்பூனில் அந்தச் சங்கடமே இல்லை. பட்டியலில் உள்ள விலைதான் கட்டும் விலை.

விலை கிளைக்குக் கிளை மாறும். லண்டன் நடுப்பகுதியிலும் விமான நிலையங்களிலும் கூடுதல், வடக்கு இங்கிலாந்தின் சிறு ஊர்களில் குறைவு. பெரும்பாலான முதன்மை உணவுகளின் விலையிலேயே ஒரு பானமும் அடங்கிவிடுகிறது. அந்தப் பானம் பீராகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, குளிர்பானமோ தேநீரோ கேட்கலாம். தேநீரும் காப்பியும் வாங்கினால் பெரும்பாலான கிளைகளில் கோப்பையை மீண்டும் மீண்டும் இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம். குளிரில் நடந்து களைத்த ஒரு பிற்பகலில் நான்கு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இளைப்பாறுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி லண்டனில் எனக்குத் தெரியவில்லை.

இனி சாப்பாடு. என் அனுபவத்தில் காலை உணவுதான் இங்கே சிறந்தது. பெரும்பாலான கிளைகள் காலை 8 மணியளவில் திறந்துவிடும். பொரித்த முட்டை, சாசேஜ், பேக்கன், தக்காளிச் சாற்றில் வெந்த பீன்ஸ், உருளைக்கிழங்கு ஹாஷ் பிரவுன், வாட்டிய ரொட்டி ஆகியவை ஒரு பெரிய தட்டு நிறைய வரும். சைவர்களுக்கு இறைச்சி இல்லாத சாசேஜ், காளான், தக்காளி ஆகியவற்றோடு தனித் தட்டு உண்டு. முட்டையும் பாலும்கூட வேண்டாம் என்பவர்களுக்கு வேறொரு தட்டும் உண்டு. செவ்வாய், வெள்ளியில் சைவம் கடைப்பிடிக்கும் என் அத்தைக்கு, ஹோட்டல் காலை உணவைவிட இது நிறைவாக இருந்தது. பீன்ஸ் நம் வாய்க்குச் சற்று இனிக்கும், மேசையில் இருக்கும் மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவிக்கொண்டால் சரியாகிவிடும். காலை நேரத்திலேயே சிலர் பீர்க் கோப்பையோடு அமர்ந்திருப்பதையும் பார்க்க நேரலாம். அவர்கள் செய்தித்தாளும் தாமுமாக இருப்பார்கள், யாரையும் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

கறியைப் பற்றி நீளமாகவே எழுதவேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் ஏமாறும் இடம் அதுதான். நெடுங்காலமாக வியாழக்கிழமைகளில் 'கறி கிளப்' என்ற பெயரில் வெதர்ஸ்பூன் கறிச்சாப்பாட்டைச் சிறப்பு விலையில் தருகிறது. பாஸ்மதிச் சோறு, நான் ரொட்டி, அப்பளம், மாங்காய்ச் சட்னி ஆகியவை பக்கத்துணை. சிக்கன் டிக்கா மசாலா, கோர்மா, ஜால்ஃபிரேஸி போன்றவை பட்டியலில் நிலையான இடம் பிடித்தவை. 2001இல் அன்றைய பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவை பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று வருணித்தார். அவர் சொன்னது சரியென்று இந்தக் கறியைச் சாப்பிட்டால் ஏற்றுக்கொள்வோம். தக்காளியும் பாலாடையும் சேர்ந்த இனிப்பான, மென்மையான, காரம் அடங்கிய குழம்பு அது. பிரிட்டிஷ் நாவுக்காகப் பிரிட்டனில் உருவான பண்டம். தேக்காவில் வாழையிலையில் மீன் தலைக் கறி சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அதில் நம் கறியைத் தேடினால் கிடைக்காது; தேடுவது அந்த உணவுக்கும் நியாயம் இல்லை. வெள்ளைக்கார முதியவர் இருவர் அப்பளத்தை ஒடித்துச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டபடி பழைய கதை பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, நம் பக்கத்து உணவு எவ்வளவு ஆழமாக அவர்கள் வாரநாள் வாழ்க்கைக்குள் போய்விட்டது என்பது புரியும். அதற்காக ஒருமுறை சாப்பிடலாம். வீட்டுச் சாப்பாட்டு ஏக்கம் தீரவேண்டுமென்றால் லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்கோ டூட்டிங்குக்கோ போவதுதான் வழி.

சைவர்களுக்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சேர்ந்த கறி பல ஆண்டுகள் பட்டியலில் இருந்தது. கோழிக் கறிகளைவிட அது எனக்குப் பிடித்தது. கிழங்கின் இனிப்பு இயல்பானது என்பதால் குழம்பின் இனிப்பு உறுத்தவில்லை. தோலோடு சுட்ட பெரிய உருளைக்கிழங்கில் பீன்ஸும் பாலாடைக்கட்டியும் வைத்துத் தருவதும் நம்பிக் கேட்கலாம். ஒன்றை மட்டும் கவனத்தில் வைக்கவேண்டும்: 'மெட்ராஸ்' என்று பட்டியலில் பார்த்ததும் ஊர்ப் பாசத்தில் கேட்டுவிடக் கூடாது; அது இங்கே மாட்டிறைச்சிக் கறியாக வருவது வழக்கம். கடுஞ்சைவர்கள், மீனும் உருளைக்கிழங்கும் ஒரே எண்ணெயில் பொரிக்கப்படுகின்றனவா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஹலால் உணவைக் கடைப்பிடிப்பவர்களுக்கு வெதர்ஸ்பூனை என்னால் பரிந்துரைக்க முடியாது. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் தரும் சான்றிதழைப் பார்த்துப் பழகியவர்களுக்கு நிகரான உறுதி எதுவும் இங்கே இல்லை. ஒரே சமையலறையில் பன்றியிறைச்சியும் சமைக்கப்படுகிறது, மதுவோ எங்கும் இருக்கிறது. பிரிட்டிஷ் பப்களில் மீனைத் தோய்க்கும் மாவிலேயே பீர் ஊற்றுகிற வழக்கமும், இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுடும் 'பை' என்ற பண்டத்தில் பீர் சேர்த்துச் சமைக்கிற வழக்கமும் உண்டு என்பதால், மீன்தானே என்று எண்ணிவிடவும் கூடாது.

மீனும் சிப்ஸும் நன்றாகவே இருக்கும். கடற்கரை ஊர்களில் தனிக்கடைகளில் கிடைப்பதற்கு இணை என்று சொல்லமாட்டேன். பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு நம் ஊரிலேயே நல்ல கடைகள் இருக்கின்றன. எந்தக் கிளையில் எதைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே சுவையில், கேட்ட சிறிது நேரத்திலேயே வந்துவிடுவது சங்கிலிக் கடையின் பலமும் வரம்பும் ஆகும். சமையல்காரரின் கைப்பக்குவத்தைத் தேடுகிறவர்களுக்கு இங்கே வேலை இல்லை. ஒவ்வோர் உணவுக்கும் நேராகக் கலோரி அளவு அச்சிடப்பட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் உணவு நிறுவனங்கள் அப்படி அச்சிடவேண்டும் என்று இங்கிலாந்தில் 2022 ஏப்ரலிலிருந்து சட்டம் இருக்கிறது. நீரிழிவு நம் சமூகத்தை எவ்வளவு வாட்டுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். நம் பானங்களில் சர்க்கரை அளவைக் காட்டும் நியூட்ரி கிரேட் எழுத்தைப் பார்த்து வாங்கப் பழகிவிட்ட நமக்கு, அந்த எண்களைப் பார்த்து ஒரு தட்டை இருவர் பகிர்ந்துகொள்ளலாம் என்று முடிவெடுப்பது எளிது.

மது அருந்துகிற பெரியவர்களுக்கு இரண்டு சொற்கள். மரபான பிரிட்டிஷ் ஏல் என்ற பீர் வகை பீப்பாயிலேயே இரண்டாம் முறை நொதித்து, கைப்பம்பால் இறைத்து ஊற்றப்படுவது. ஏறத்தாழ 11 முதல் 13 செல்சியஸ் வெப்பநிலையில் தருவார்கள். பனிக்கட்டிபோல் குளிர்ந்த பீரையே அறிந்த நம் ஊர்க்காரர்கள் அது சூடாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வெப்பநிலையில்தான் அதன் மணம் தெரியும். 1970களில் அழிந்துகொண்டிருந்த இந்த மரபைக் காப்பதற்காக 1971இல் கேம்ரா என்ற நுகர்வோர் இயக்கம் தோன்றியது. இன்று நியாய விலையில் பலவகை ஏல்களை நாடு முழுவதும் கிடைக்கச் செய்வதில் வெதர்ஸ்பூனின் பங்கு பெரியது. ஒரு பைன்ட் என்பது 568 மில்லிலிட்டர். அரைப் பைன்ட் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. இளமையாகத் தோற்றமளிப்பவர்கள் 18 வயது நிரம்பியதற்குக் கடப்பிதழைக் காட்டவேண்டியிருக்கும்.

குடும்பத்தோடு போகலாமா என்ற முதல் மறுப்புக்கு வருகிறேன். மதுவால் குடும்பங்கள் பட்ட துன்பத்தை அறிந்த சமூகம் நம்முடையது. பப் என்றதும் நம் தாய்மார்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு, அதை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். ஆனால் பிரிட்டனின் பப், பகலில், ஊர்க்காரர்கள் சந்தித்துப் பேசும் இடமாகவே இருந்துவந்திருக்கிறது. தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் இளந்தாயும், ஓய்வூதியம் பெறும் முதியவரும், மடிக்கணினியோடு மாணவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள். தனியாக வந்து, யாரோடும் பேசாவிட்டாலும் மனிதர்கள் நடுவே இருக்கவேண்டும் என்பதற்காகவே உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் பலர். நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பேட்டைகளின் கோப்பிக்கடையில் அதே முகங்களை நாம் அறிவோம். பிள்ளைகளுக்கும் அனுமதி உண்டு. பெரியவர்கள் துணையோடு, சாப்பிடுவதற்காக வரவேண்டும். கிளைக்குக் கிளை மாறும் ஒரு மாலை நேரத்துக்குப் பிறகு அவர்கள் இருக்கக் கூடாது. வெள்ளி, சனி இரவுகளிலும், பெரிய காற்பந்து ஆட்டம் நடக்கும் நாள்களிலும் நகர மையக் கிளைகளில் கூட்டமும் சத்தமும் மிகுதியாக இருக்கும். அந்த வேளைகளில் பெரியவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லவேண்டாம் என்றே சொல்வேன். வாரநாள் காலையும், பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரையும்தான் குடும்பங்களுக்கு உகந்தவை.

நிறுவனரின் அரசியலை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. டிம் மார்ட்டின் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறவேண்டும் என்று வெளிப்படையாக இயங்கியவர். 2024 புத்தாண்டுப் பட்டியலில் சர் பட்டம் பெற்றார். மேசைகளில் கிடக்கும் நிறுவனச் சஞ்சிகையில் அவருடைய கருத்துக்கள் பக்கம் பக்கமாக வரும். இதனாலேயே வெதர்ஸ்பூன் பக்கம் போகாத பிரிட்டிஷ் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய முடிவை மதிக்கிறேன். அவர் எழுப்பும் ஒரு வாதம் மட்டும் எனக்கு நியாயமாகப் படுகிறது. பேரங்காடியில் வாங்கும் உணவுப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது. அதையே பப்பில் சமைத்து மேசையில் வைத்தால் 20 விழுக்காடு. அந்த ஏற்றத்தாழ்வு, கூடி உண்பதைவிடத் தனித்து உண்பதை மலிவாக்கிவிடுகிறது. பிரிட்டனில் ஆண்டுதோறும் பப்கள் மூடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை பற்றி. அடுப்பில் வாட்டிய இறைச்சி, உருளைக்கிழங்கு, யார்க்ஷயர் புட்டிங் என்ற இனிப்பில்லாத உப்பலான மாவுப் பண்டம், குழம்பு என்று வரும் ஞாயிறு விருந்தைச் சாப்பிடாமல் பிரிட்டனிலிருந்து திரும்பக் கூடாது. ஆனால் வெதர்ஸ்பூன் அதை 2016இலேயே நிறுத்திவிட்டது. அதற்கு டோபி கார்வரி என்ற மற்றொரு சங்கிலி பொருத்தமானது. அங்கே இறைச்சியை உங்கள் கண்முன்னே அரிந்து வைப்பார்கள். காய்கறிகளை நீங்களே வேண்டுமட்டும் அள்ளிக்கொள்ளலாம். கிளைகள் பெரும்பாலும் நகருக்கு வெளியே, வாகனம் நிறுத்த இடமுள்ள சாலையோரங்களில் இருக்கும் என்பதால், வாடகைக் கார் எடுத்திருக்கும் குடும்பங்களுக்கு வசதி. லண்டனுக்குள்ளேயே பழைய மரவேலைப்பாடும் கண்ணாடிச் சித்திரமும் உள்ள பப்பில் மேசைக்கே வந்து பரிமாறவேண்டும் என்றால் நிக்கல்சன்ஸ் கிளைகளைப் பார்க்கலாம்; விலை கூடுதல்தான், ஆனால் பட்டமளிப்பு நாள் போன்ற ஒரு நாளுக்கு அந்தச் செலவு தகும். இரண்டிலும் ஞாயிறு நண்பகலுக்குச் சில நாள்கள் முன்பே மேசையைப் பதிவுசெய்துவிடுங்கள்.